துக்கத்தில் இருக்கும் அம்மாவோ அப்பாவோ படிப்பை முடிக்கத் துணை நின்றவர்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூத்த மகள்:

அப்பா தவறியபோது அம்மா தொலைதூரக் கல்வியில் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். எங்களை ஆளாக்கிவிட்டு ஆசைப்பட்டுச் சேர்ந்த படிப்பு. விண்ணப்பம் வாங்கிவந்து கையில் கொடுத்ததே அப்பாதான்.

சொந்தக்காரர்களில் பாதிப்பேர் "இனிமே எதுக்கு இதெல்லாம்" என்றார்கள். மீதிப்பேர் "படிக்கட்டும், அப்பத்தான் மனசு மாறும்" என்றார்கள். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. நானும் தம்பியும் கேட்டோம். "நிறுத்த வேண்டாம்டா. ஆனா இப்ப முடியாது" என்றார். அதற்குமேல் நாங்கள் எடுத்த முடிவெல்லாம் அந்தப் பதிலை வைத்துத்தான்.

தம்பி உடனே படிப்பு மையத்தில் போய் விசாரித்தான். பல பல்கலைக்கழகங்களில் ஒரு படிப்பை முடிக்க அதிகபட்சக் காலவரம்பு என்று ஒன்று உண்டு. அதற்குள் இருந்தால் தேர்வைத் தள்ளிப்போட வழி கிடைக்கும். தேர்வுத் தேதிக்கு முன்பே எழுத்தில் கேட்டு, இறப்புச் சான்றிதழ் நகலையும் இணைத்துவிடுங்கள். தேர்வுக்குப் போகாமல் விட்டுவிட்டுப் பிறகு விளக்கினால் அலைச்சல்தான் மிச்சம். அந்த அலைச்சலை அம்மா தலையில் வைக்கக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம்.

அடுத்த ஆண்டுக்கான படிவத்தை நிரப்ப அம்மா உட்கார்ந்த அன்று, பெயர், முகவரி எல்லாம் வேகமாக ஓடியது. 'திருமண நிலை' என்ற கட்டம் வந்ததும் மவுஸில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. தம்பி "நான் போடட்டுமா" என்று கேட்கவில்லை. நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தான், அவ்வளவுதான். வெகுநேரம் கழித்து அம்மாவே தேர்வு செய்தார். பக்கத்தில் ஆள் இருந்தால் போதும் என்கிற வேலைகள் இருக்கின்றன. அதைச் செய்யத்தான் பொறுமை வேண்டும்.

படிக்க உட்கார்ந்தபோது "ஒண்ணுமே மண்டையில நிக்கல, எனக்கு மூளை மழுங்கிடுச்சு" என்று பயந்தார். துக்கத்தில் கவனம் சிதறுவதும் மறதி வருவதும் இயல்பு, தூக்கம் கெட்டால் இன்னும் கூடும் என்று எடுத்துச் சொன்னோம். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு தம்பிக்குக் கைகொடுத்தது. பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்ததாம். அதன்பிறகு தினமும் இரவு போனில் கேள்வி கேட்பான், அம்மா பதில் சொல்வார். சில இரவுகளில் இரண்டாவது கேள்விக்குள் பேச்சு அப்பாவிடம் போய்விடும். அன்றைக்குப் பாடம் கிடையாது, அப்பாவைப் பற்றி மட்டும்தான்.

அது வீண்போன இரவு இல்லை என்று இப்போதும் நம்புகிறேன். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் சொன்னதும் இதையொட்டியதுதான்: இழப்பை நினைத்து அழுவதற்கும், அடுத்து ஆக வேண்டியதைப் பார்ப்பதற்கும் இடையே மனம் மாறி மாறிப் போய்வரும், அந்தப் போய்வரல்தான் தேறும் வழி. அழுகையை அடக்கத்தான் படிப்பு என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

ஒரே மகன்:

அக்கா சொன்னதுக்கு நேர் எதிர் எங்க வீட்ல. அம்மா போன பிறகு அப்பா முனைவர் பட்ட ஆய்வுல மூழ்கிட்டார். அம்மா பேரையே எடுக்கல. எல்லாரும் "தைரியசாலி"ன்னு பாராட்டினாங்க, எனக்கோ வயித்தக் கலக்குச்சு. துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்புன்னு ஐந்து கட்டம் சொல்வாங்களே, "இப்ப எந்தக் கட்டத்துல இருக்கார்"னு அத்தை கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்த ஐந்து கட்டத்தை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969ல எழுதினதே சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிங்ககிட்ட பேசித்தான். உயிரோட இருக்கிறவங்க வரிசையா ஏறியாகணும்னு அது படிக்கட்டு இல்ல.

வீட்டு வேலை, பில் கட்டறது, வங்கியில பேர் மாத்தறது எல்லாத்தையும் நான் எடுத்துக்கிட்டேன். ஆய்வேட்டுல மட்டும் ஒரு வரி தொடல. அது அவரோடது. அடிக்குறிப்பு சரிபார்க்கன்னு பக்கத்துல உட்காருவேன், அந்த நேரத்துலதான் மெல்ல அம்மாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சார். ஒரு வருஷம் தாண்டியும் தூக்கமில்லாம, எதுலயும் பிடிப்பில்லாம இருந்ததால ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட மனநோய் கண்டறியும் கையேட்டுல 2022லேர்ந்து நீடித்த துக்கத்துக்குத் தனிப் பிரிவே இருக்கு. பெரியவங்களுக்கு, இறப்பு நடந்து குறைஞ்சது பன்னிரண்டு மாசம் ஆகியிருக்கணும்னு கணக்கு. அதுக்கு முன்னாடியே ரொம்ப முடியலைன்னா, காத்திருக்காம போயிடுங்க. வாய்மொழித் தேர்வு அன்னைக்கு அப்பா நிமிர்ந்து பதில் சொன்னதை நான் கடைசி வரிசையில உட்கார்ந்து பார்த்தேன். பெருமையா இருந்துச்சு.

பட்டம் வாங்கிய ஓர் அம்மா:

பிள்ளைகள் எழுதியிருக்கிறீர்கள், படித்த பக்கத்திலிருந்து நானும் சொல்கிறேன். "அப்பா இருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்" என்று ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் சொல்லாதீர்கள். அது எனக்கே தெரியும், ஒவ்வொரு தடவையும் நெஞ்சை அடைக்கும். என் மகள் "அம்மா, அந்த மூணாவது கேள்விக்கு என்ன எழுதினே?" என்று மட்டும் கேட்பாள். என்னை ஒரு மாணவியாக நடத்தினாள். அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னைப் பரிதாபமாகப் பார்க்கவில்லை.

இன்னொன்று. எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது கடைசித் தேர்வு முடிந்த அடுத்த வாரம். படிக்க ஒன்றுமில்லை, வீடு முழுக்க அவர்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று பிள்ளைகள் கிளம்பத் தயாரானார்கள், நான்தான் வாய்விட்டுக் கேட்டு இருக்கச் சொன்னேன். கேட்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர். விடுப்பு எடுப்பதாக இருந்தால் தேர்வுக்கு முன் எடுக்கும் நாட்களில் கொஞ்சம் அந்த வாரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.