புதுப்பிப்பு: ஊர் ஊராகப் போய் சிடி ஸ்கேன் எடுக்கும் வேலை

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என்று மாறி மாறிப் போகும் சிடி டெக்னீஷியன் வேலைக்குப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன். பஸ் அலைச்சல் பழகிவிட்டது, மெஷின்கள்தான் படுத்துகின்றன. ஓரிடத்தில் ஒரு சுற்றில் 16 ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்) எடுக்கும் மெஷின், இன்னோரிடத்தில் 128. புரோட்டோகால் (ஒவ்வொரு ஸ்கேனுக்கும் மெஷினில் போட்டுவைத்திருக்கும் செட்டிங்) பெயர்கூட ஒத்துப்போகாது. போனதும் எக்ஸ்ரே டியூபைச் சூடேற்றும் வார்ம்-அப், மெஷினின் அளவைச் சரிசெய்யும் ஏர் கேலிப்ரேஷன் முடித்து, பழைய கேஸ்களைத் திறந்து அங்கே வைக்கும் கேவி, எம்ஏஎஸ் (எக்ஸ்ரேயின் வலுவும் அளவும்) பார்த்துக்கொள்கிறேன்.

தலை ஸ்கேனுக்கு வரும் ஆச்சிகளின் வைரத்தோடு தனிக் கதை. கழற்றாவிட்டால் படத்தில் கோடு கோடாக விழும். திருகாணியோ இறுகிப்போய் அசையாது. "மெதுவாத் திருகுங்க தம்பி, எங்க ஆத்தா போட்டுவிட்டது" என்பார்கள். இப்போதெல்லாம் கூட வந்த மகளிடமே விட்டுவிடுகிறேன், கையில் ஒரு சொட்டு எண்ணெயும் கொடுத்து.

அப்புறம், டிஎல்டி பேட்ஜ் (நம்மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அளக்க அணிவது) பற்றி எச்சரித்தவர்களுக்கு நன்றி. ஒரு சென்டரில் "வந்துபோறவருக்கு எதுக்கு?" என்று இழுத்தடித்தார்கள். கதிர்வீச்சு ஆள் பார்த்தா படும்? என் பெயரில் பேட்ஜ் வந்த பிறகுதான் அங்கே டியூட்டி பார்த்தேன். படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்திலும் அப்படித்தான்: உயிர் போகும் அவசரம் தவிர, கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் ஏற்றுவதில்லை.

சம்பளம் நாள் கணக்கில் வருகிறது. பயணப்படிதான் இன்னும் பேச்சளவில் நிற்கிறது.