கீழ்ப் பிரிவின் ராஜா யார்? வார்டி என்று சொல்ல முதல் இதை வாசியுங்கள்

உவர்மலை 9:
சனிக்கிழமை ஏகாம்பரம் மைதானத்தில் மட்ச் முடிந்து தேத்தண்ணிக் கடையில் தொடங்கிய சண்டை, கடைக்காரர் பலகை போட்டபிறகும் முடியவில்லை. அதனால் இங்கே கொண்டுவருகிறேன். கேள்வி இதுதான்: இங்கிலாந்துக் கால்பந்தில் சாம்பியன்ஷிப்புக்கு, அதாவது இரண்டாம் அடுக்குக்கு, கீழே ஆடியவர்களில் ஆகச் சிறந்த ஐந்து பேர் யார்?

என் வரிசை: வார்டி, ரிக்கி லம்பர்ட், இயன் ரைட், அகின்ஃபென்வா, போல் முல்லின். முதலாம் இடத்துக்குப் பேச்சே இல்லை. ஸ்டொக்ஸ்பிரிட்ஜ் என்ற சின்னக் கழகத்தில் கிழமைக்கு 30 பவுண்ஸ் வாங்கியவன், 2012 இல் பத்து லட்சம் பவுண்ஸுக்கு லெஸ்டர் போனான். நாலே வருஷத்தில் பிரீமியர் லீக் கிண்ணம். 2015 இல் தொடர்ந்து 11 மட்ச்சில் கோல். இதற்கு மேல் ஒருவன் என்ன செய்ய வேண்டும்?

டொக்யாட் பேரன்:
தம்பி, அந்த 11 மட்ச்சும் பிரீமியர் லீக் மட்ச். கிண்ணமும் பிரீமியர் லீக் கிண்ணம். கேள்வி கீழ்ப் பிரிவைப் பற்றி. வார்டி ஃப்ளீட்வுட்டிலிருந்து லெஸ்டர் போனபோது லெஸ்டர் எங்கே இருந்தது? சாம்பியன்ஷிப்பில். ஆக மூன்றாம் அடுக்கான லீக் வன், நாலாம் அடுக்கான லீக் டூ இரண்டிலும் அவர் ஒரு மட்ச்கூட ஆடியதில்லை. தங்காத ஊருக்கு அவரை ராஜாவாக்கிவிட்டீர்.

உவர்மலை 9:
அண்ணே, ஃப்ளீட்வுட் ஆடியது அதற்கும் கீழே, ஐந்தாம் அடுக்கில். 2011-12 இல் அங்கே லீக்கில் மட்டும் 31 கோல் போட்டு அணியை மேலே ஏற்றிவிட்டுத்தான் போனான். படிகளைத் தாண்டிக் குதித்தவனுக்கு அந்தப் படிகளில் நிற்கவில்லை என்று புள்ளி குறைப்பீர்களா?

டொக்யாட் பேரன்:
ஒரு சீசன். அந்த 31 கோலுக்கு முழு மரியாதை. ஆனால் ஒரு சீசனை வைத்து முதலாம் இடமா? இயன் ரைட்டும் இதே கதைதான். கிரீனிச் பரோவிலிருந்து 1985 இல் நேரே கிறிஸ்டல் பலஸ். பலஸ் அப்போது இரண்டாம் அடுக்கு.

உவர்மலை 9:
பேர்ன்லியை மறந்துவிட்டீர்கள். 2000 இல் கடைசிக் காலத்தில் மூன்றாம் அடுக்கில் ஆடி, பேர்ன்லி மேலே போகும்போது ரைட்டும் அணியில் இருந்தார்.

டொக்யாட் பேரன்:
சரி, அது என் பிழை. ஆனால் 36 வயதில் வந்து நாலு கோல். பென்ஷன் எடுத்தபிறகு பழைய கந்தோருக்குத் தேத்தண்ணி குடிக்க வருகிறவர் மாதிரி. அவரை அங்கே உத்தியோகத்தர் என்று சொல்வதில்லை.

பாலையூற்று ரைட்பேக்:
ஐந்து பேர். ஐந்தும் போர்வேட். பந்தை யாரும் தடுப்பதே இல்லையா? டோனி ஃபோர்ட் என்று ஒரு மனிதர். 1975 இல் கிரிம்ஸ்பியில் 16 வயதில் தொடங்கி, 2001 இல் ரொச்டேலில் முடித்தார். விங்கில் தொடங்கி ரைட்பேக்காக முடிந்தவர். 931 லீக் மட்ச். கோல் காப்பாளர்களை விட்டால் இங்கிலாந்து லீக்கில் இதற்கு மேல் ஆடியவர் கிடையாது. மேல் டிவிஷனில் ஒரு மட்ச்கூட இல்லை. இருபத்தாறு வருஷம் மழையிலும் சேற்றிலும் நின்ற மனிதரின் பெயர் உங்கள் யாருக்காவது தெரியுமா?

உவர்மலை 9:
நிறைய நாள் வேலை செய்ததற்கு நீண்டகாலச் சேவை விருது கொடுக்கலாம். இது சிறந்தவர் யார் என்ற கேள்வி.

பாலையூற்று ரைட்பேக்:
42 வயதுவரை சம்பளம் கொடுத்து எவனும் சும்மா வைத்திருக்க மாட்டான் தம்பி.

கிண்ணியா கீப்பர்:
மச்சான்மார், கீப்பர் ஒருவரும் இல்லாததால் நான் ஜிம்மி கிளாஸைச் சொல்கிறேன். 1999 மே 8. கார்லைல் வெல்லாவிட்டால் லீக்கிலிருந்தே வெளியே. மேலதிக நேரத்தில் கோர்னர். கிளாஸ் தன் கம்பத்தை விட்டு ஓடிவந்து பிளிமத்துக்கு எதிராக கோல் போடுகிறார். ஸ்காபரோ ரசிகர்கள் தாங்கள் தப்பிவிட்டோம் என்று தங்கள் மைதானத்தில் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர்கள்தான் கீழே போனது. கீப்பர் கோல் போடுவதைப் பார்த்துச் செத்தாலும் பரவாயில்லை என்று நினைக்கும் சாதி நான்.

டொக்யாட் பேரன்:
கார்லைலுக்கு அவர் மொத்தமாக ஆடியதே 3 மட்ச். இரவல் வீரர்.

கிண்ணியா கீப்பர்:
தெரியும் அண்ணன். அதனால்தான் ஐந்தாம் இடம் கேட்கிறேன், முதலாம் இடமில்லை.

நிலாவெளி நிலா:
முல்லினை ஐந்தாவதாக வைத்ததற்கு முதலில் என் கண்டனம். 2020-21 இல் கேம்பிரிட்ஜுக்கு லீக் டூவில் 32 கோல். அணி லீக் வன்னுக்கு ஏறியது. அவரோ இரண்டு அடுக்கு கீழே இறங்கி ரெக்ஸமுக்குப் போனார். பிறகு 2023 இல் ரெக்ஸமும் 111 புள்ளியோடு மேலே. ஏறிப்போவது எல்லோரும் செய்வது. இறங்கிவந்து ஒரு ஊரையே தூக்கியது யார்?

பாலையூற்று ரைட்பேக்:
இறங்கி வந்தது ரெக்ஸமை வாங்கிய நடிகர்களின் காசுக்கு, தங்கச்சி. அந்த சீசனில் நொட்ஸ் கவுன்டி 107 புள்ளி எடுத்து இரண்டாவதாக வந்தது. அங்கே மக்கோலி லாங்ஸ்டாஃப் 42 லீக் கோல். அவரைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர் இல்லை. அதனால் உங்களுக்கு ஞாபகமும் இல்லை.

நிலாவெளி நிலா:
தொடர் பார்த்துத்தான் ரெக்ஸம் தெரியும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உவர்மலை 9 க்கு அகின்ஃபென்வாவைத் தெரிந்தது எப்படி என்று கேளுங்கள்.

உவர்மலை 9:
பிளேஸ்டேஷனில்தான். பலம் 97. தோளால் ஒரு இடி, டிபென்டர் கடலுக்குள். வெட்கமில்லை. ஆனால் கேமை விடுங்கள். 2016 வெம்பிளியில் ஏஎஃப்சி விம்பிள்டனுக்கு மேலதிக நேரத்தில் பெனால்டி, அணி லீக் வன்னுக்கு. 2020 இல் வைக்கம்புடன் சாம்பியன்ஷிப்புக்கு. லிவர்பூல் ரசிகரான அவருக்கு அப்போதைய லிவர்பூல் மனேஜர் குளோப்பே வாழ்த்து அனுப்பினார். ‘இவ்வளவு பெரிய உடம்போடு ஆடமுடியாது’ என்றவர்களுக்கு நடுவில் 40 வயதுவரை ஆடிவிட்டுப் போனார்.

டொக்யாட் பேரன்:
அகின்ஃபென்வாவுக்கு நான் எதிரி இல்லை. அவர் உண்மையான கீழ்ப் பிரிவு ஆள். லம்பர்டும் அப்படித்தான்: ரொச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று அலைந்தவர், இடையில் பீட்ரூட் தொழிற்சாலையில் போத்தல் மூடியவர். பிறகு 2013 இல் ஸ்கொட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துச் சட்டையில் முதல் தொடுகையிலேயே தலையால் கோல். அவரை நான் உம்மைவிட மேலே வைப்பேன்.

ஆனால் ஆர்தர் ரௌலி எங்கே? என் அம்மப்பா டொக்யாட்டில் வேலை செய்தவர். வெள்ளைக்கார நேவி 1957 இல் போகும்வரை அவர்களோடுதான் பந்து, பேச்சு எல்லாம். ரௌலியின் பெயரை அவர் வாயால்தான் முதலில் கேட்டேன். 434 லீக் கோல். இங்கிலாந்தில் இன்றுவரை ஒருவரும் தொடவில்லை.

உவர்மலை 9:
அண்ணே, இப்போது நான் உங்கள் தராசைத் தூக்குகிறேன். அதில் 251 லெஸ்டருக்கு, முதலாம் இரண்டாம் அடுக்கில். ஷ்ரூஸ்பரிக்குப் போட்ட 152 தான் உண்மையான கீழ்ப் பிரிவு. வார்டிக்கு ஒரு சட்டம், ரௌலிக்கு ஒரு சட்டமா?

டொக்யாட் பேரன்:
152 ஐ ‘தான்’ என்கிறீர். அதுவும் மனேஜராகவும் இருந்துகொண்டு. சரி, உம்முடைய கணக்கு பிழையில்லை. ரௌலியை விடுகிறேன், ஒரு நிபந்தனையில். ரொபின் ஃபிரைடேயை எடுக்க வேண்டும்.

உவர்மலை 9:
யார்?

டொக்யாட் பேரன்:
ரெடிங்கின் நாலாம் டிவிஷன் போர்வேட். குடி, சண்டை, பொலிஸ், எல்லாம். 1976 மார்ச் 31 இரவு ட்ரான்மியருக்கு எதிராக, கோலுக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை நெஞ்சில் வாங்கித் திரும்பித் தூரத்திலிருந்து அடித்தார். ரெஃபரி கிளைவ் தோமஸ் உலகக் கிண்ண மட்ச் எல்லாம் நடத்தியவர். தான் பார்த்ததிலேயே சிறந்த கோல் அது என்றார். அந்த சீசனில் ரெடிங் மேலே ஏறியது. 1990 இல், 38 வயதில், மனிதர் போய்விட்டார்.

கிண்ணியா கீப்பர்:
லிங்க் போடுங்கள் அண்ணன். பார்க்கலாம்.

டொக்யாட் பேரன்:
லிங்க் இல்லை. அன்று அங்கே கமரா இல்லை.

உவர்மலை 9:
வீடியோ இல்லாத கோலுக்கு முதலாம் இடமா! இது கோயில் திருவிழாக் கதை மாதிரி. ஒவ்வொரு வருஷமும் பத்து யார் கூடும்.

பாலையூற்று ரைட்பேக்:
தம்பி, நீ போன மாரிக்கு ஏகாம்பரத்தில் கடற்கரைப் பக்கக் கம்பத்துக்குப் போட்ட கோலைப் பற்றி மூன்று மாதமாகச் சொல்கிறாய். அன்று மழை. ஒருவனும் போனை வெளியே எடுக்கவில்லை. நான் பார்த்தேன், எனக்குப் பின்னால் நின்ற ஐஸ்கிரீம்காரர் பார்த்தார். அப்போ அதுவும் நடக்கவில்லையா?

உவர்மலை 9:
அது வேறு.

கிண்ணியா கீப்பர்:
என்ன வேறு? அந்தக் கோலை விட்டது நான். முப்பது யார் என்று நீ எல்லா இடமும் சொல்லித் திரிகிறாய். இருபதுகூட இல்லை.

நிலாவெளி நிலா:
😂😂 இது தெரியாமல் போச்சே.

டொக்யாட் பேரன்:
அந்த மைதானத்தில் எத்தனை பேர் எத்தனை கோல் போட்டுவிட்டுக் கட்டாருக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். யாரிடம் வீடியோ இருக்கிறது? பார்த்த ஆட்களை வைத்துத்தான் பேசுகிறோம். ஃபிரைடேக்கு ஒரு உலகக் கிண்ண ரெஃபரி சாட்சி. உமக்கு ஐஸ்கிரீம்காரர்.

கிண்ணியா கீப்பர்:
இடையில் ஒரு கேள்வி. டோர்க்கிக்கு ஆடிய டிலான் டி சில்வாவை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை? இலங்கைச் சட்டை போட்டவர்.

உவர்மலை 9:
பாசத்துக்குத் தனி வரிசை போடலாம் மச்சான். அதில் அவர் முதலாவது.

சரி, மாற்றிய வரிசை: லம்பர்ட், ஃபிரைடே (அரைமனதோடு), அகின்ஃபென்வா, முல்லின், வார்டி. ரைட் வெளியே. வார்டியை அந்த 31 கோலுக்காக மட்டும் வைத்திருக்கிறேன். 11 மட்ச்சைச் சேர்க்கவில்லை. அண்ணே, சந்தோஷமா?

டொக்யாட் பேரன்:
பாதி. ஃபிரைடே முதலாவது வரும்வரை நான் போகமாட்டேன்.

நிலாவெளி நிலா:
முல்லின் நாலாவதா? ஒரு படி ஏறிவிட்டார். ரெக்ஸம் மாதிரி மெதுவாக வருவார்.

பாலையூற்று ரைட்பேக்:
இப்போதும் ஐந்தும் போர்வேட்.