பள்ளிக்கூட மோட்டார் ராத்திரி முழுக்க ஓடியதைப் பார்த்தவர் உண்டா?

காட்பாடிக்காரன்:
2019-ல் வேலூர் எம்.பி. தேர்தல் தள்ளிப்போய் ஆகஸ்ட் 5-ல் நடந்ததே, அதில் எனக்கு ஓர் அரசுப் பள்ளியில் பூத் டியூட்டி. முந்தின நாள் ராத்திரி பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தேன். பதினோரு மணிக்கு மழைச் சத்தம். வெளியே வந்தால் வானம் நிறைய நட்சத்திரம். மொட்டைமாடித் தொட்டிதான் நிரம்பி வழிகிறது. மோட்டார் அறை பூட்டியிருந்தது. சாவிக்காரர் போனை எடுக்கவில்லை. ஜன்னல் கம்பி வழியே ஒட்டடைக் கம்பை விட்டு ஸ்டார்ட்டரின் சிவப்பு பட்டனைக் குத்தப் பார்த்தேன். கம்பு எதன்மேலோ பட்டு லைட் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பட்டன் நன்றாகத் தெரிந்தது, இன்னும் ஒரு சாண் தள்ளி. லைட்டைத் திரும்ப அணைக்கவும் முடியவில்லை. விடியும்வரை இரண்டும் ஓடின. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில், நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்த சமயம் அது. வாட்ச்மேன் எங்கே போனாரோ!

குடியாத்தம் டீச்சர்:
வாட்ச்மேன் என்று ஒருவர் இருந்தால்தானே எங்காவது போவதற்கு? எத்தனை பள்ளியில் இருக்கிறார், சொல்லுங்கள். வாசலைத் திறப்பதும் நாங்கள்தான், மோட்டார் போடுவதும் நாங்கள்தான். என் கதை வேறு. குரங்குத் தொல்லை என்று ஒரு வகுப்பில் ஜன்னலையெல்லாம் வருஷக்கணக்காகச் சாத்தியே வைத்திருந்தோம். நல்ல வெயிலில் நாலு டியூப்லைட். ஒருநாள் கரண்ட் போனது, வேறு வழியில்லாமல் ஜன்னலைத் திறந்தேன். கடைசி பெஞ்சுப் பையன், "டீச்சர், இப்பத்தான் போர்டு தெரியுது" என்றான். கண்ணாடி போட வேண்டிய பையன் என்றல்லவா நினைத்திருந்தேன்.

ராணிப்பேட்டை ஒயர்மேன்:
மே லீவில் பூட்டின வகுப்பில் ஃபேன் தன்பாட்டுக்குச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அதை விடுங்கள். தொட்டியில் ஃப்ளோட் சுவிட்ச் மாட்டுங்கள், நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கும். ஆனால் பாசி பிடித்தால் மிதவை சிக்கிக்கொள்ளும், தொட்டி கழுவும்போதெல்லாம் ஆட்டிப் பார்க்க வேண்டும். வழிகிற குழாயைக் கட்டடத்துக்குப் பின்னால் விடாதீர்கள், வாசல் பக்கம் நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி இறக்குங்கள். பழைய ஃபேன் 75 வாட். பத்து ஃபேன் ஏழு மணி நேரம் ஓடினால் ஐந்தேகால் யூனிட். பி.எல்.டி.சி. என்று கரண்ட் குறைவாக இழுக்கிற புது வகை ஃபேன் 30 வாட்தான், அதே ஓட்டத்துக்கு இரண்டு யூனிட் சொச்சம். பெட்டி மாதிரி இருக்கிற பழைய ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் கரண்ட் பெரிதாக மிச்சம் என்று நினைக்காதீர்கள், ஒரு பங்கு அதிலேயே சூடாகப் போய்விடும். 40 வாட் டியூப்லைட் சோக்கோடு சேர்த்து 50-ஐத் தாண்டும், எல்.இ.டி. 20. ஆனால் இதையெல்லாம் வாங்குவதற்கு முன்னால் சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். அந்தச் செலவு ஒரு டீக்காசு. டீச்சர், ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தால் குரங்கு வராது.

குடியாத்தம் டீச்சர்:
வலை அடித்தோம். பிய்த்துவிட்டன.

காட்பாடிக்காரன்:
ஒயர்மேன் சார், அந்தப் பள்ளியில் வழிகிற குழாய் வாசல் பக்கம்தான் இருந்தது. நான் பார்த்தேன், பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர் பார்த்தார், டீ கொண்டுவந்த பையனும் பார்த்தான். யாரிடமும் சாவி இல்லை.