பால் சோப்பில் தண்ணீர் எவ்வளவு, பால் எவ்வளவு?

கேள்வி

வணக்கம். கோல்டு ப்ராசஸ் (வெளியிலிருந்து சூடேற்றி வேகவைக்காத) பால் சோப்புக்குத் திரவ அளவு போடுவதில் குழப்பம். மொத்த எண்ணெய் 1000 கிராம்: ஆலிவ் 450, தேங்காய் 300, பாமாயில் 200, விளக்கெண்ணெய் 50. சூப்பர்ஃபேட் (சோப்பாக மாறாமல் விடும் எண்ணெய்ப் பங்கு) 5%. லை (சோடியம் ஹைட்ராக்சைடு) 143 கிராம், தண்ணீர் 380 கிராம் என்று கால்குலேட்டர் காட்டியது. அந்தத் தண்ணீரில் லையைக் கரைத்து எண்ணெயில் சேர்த்து, ட்ரேஸ் (கலவை கெட்டியாகத் தொடங்கும் நிலை) வந்தபின் 150 கிராம் பசும்பால் ஊற்றினேன். நான்கு நாளாகியும் மோல்டிலிருந்து வரவில்லை. அழுத்தினால் விரல் பதிகிறது, நடுவில் வட்டமாகப் பழுப்பு. எங்கே தவறு? தண்ணீரே இல்லாமல் முழுக்கப் பாலில் செய்தால் எவ்வளவு பால் வேண்டும்?

பதில் 1

லை அளவு சரி. ஒரு கிராம் எண்ணெய்க்குத் தேவையான சோடியம் ஹைட்ராக்சைடு: ஆலிவ் 0.135, தேங்காய் 0.183, பாமாயில் 0.142, விளக்கெண்ணெய் 0.128. பெருக்கிக் கூட்டினால் 150.45 கிராம். அதில் 5% கழித்தால் 143.

தவறு திரவத்தில். பால் கூடுதல் பொருள் இல்லை, தண்ணீரின் ஒரு பங்கு. பசும்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். 380-க்கு மேல் 150 ஊற்றியதால் மொத்தத் திரவம் 530 ஆகிவிட்டது. லை கரைசலின் அடர்த்தி, அதாவது லையும் திரவமும் சேர்ந்த எடையில் லையின் பங்கு, வெறும் 21%. சோப்பு இறுகாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

இன்னொன்று, அந்த 380 எப்படி வந்தது என்று பாருங்கள். பல கால்குலேட்டர்களில் 'எண்ணெய் எடையில் 38% தண்ணீர்' என்பது முன்கூட்டியே போட்டிருக்கும். அதை நம்பக் கூடாது. ஒரு கிலோ ஆலிவ் எண்ணெய்க்கு 5% சூப்பர்ஃபேட்டில் லை 128 கிராம், 380 தண்ணீரில் அடர்த்தி 25%. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு லை 174 கிராம், அதே 380-இல் 31%. தண்ணீர் ஒன்றே, கரைசல் வேறு, சோப்பு நடந்துகொள்வதும் வேறு. எனவே திரவத்தை எண்ணெயிலிருந்து கணக்கிடாமல் லையிலிருந்து கணக்கிடுங்கள்: லைக்கு இரு மடங்கு திரவம், அதாவது 33% அடர்த்தி. உங்களுக்கு 286 கிராம். '33% அடர்த்தி'யும் 'எண்ணெயில் 33%'உம் ஒன்றல்ல. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் 330 வரும்.

இந்த 286-ஐப் பிரியுங்கள். லை கரைய அதன் எடைக்குச் சமமான தண்ணீராவது வேண்டும். ஆனால் மிகச் சரியாக 143 வைத்தால் சூட்டில் கொஞ்சம் ஆவியாகி, ஆறும்போது அடியில் படிகம் கட்டலாம். அதனால் தண்ணீர் 160, பால் 126. லையைத் தண்ணீரில் போடுங்கள், தண்ணீரை ஒருபோதும் லையில் ஊற்ற வேண்டாம். அலுமினியப் பாத்திரம் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குக் கையுறை கட்டாயம். கரைசல் ஆறியதும் எடை பாருங்கள். 303-க்குக் குறைந்திருந்தால் அந்த அளவு தண்ணீரைச் சேர்த்து ஈடுகட்டுங்கள்.

பாலை ட்ரேஸுக்குக் காத்திருக்காமல் முதலிலேயே எண்ணெயில் ஊற்றி ஹேண்ட் பிளெண்டரால் அடித்துவிடுங்கள். பிறகு ஆறிய லை கரைசலை மெதுவாக ஊற்றுங்கள். இத்தனை அடர்த்தியான கரைசலில் பாலை நேராக ஊற்றினால் பட்ட இடத்திலேயே கருகித் திரியும்.

பதில் 2

முழுப்பால் கேட்டதற்கு: 286 கிராம் பாலில் நிஜத் தண்ணீர் 250 கிராம்தான். அடர்த்தி 36 சதவீதத்தைத் தாண்டும், ட்ரேஸ் வேகமாக வரும். ஆகவே முழுப்பாலுக்கு லை:பால் 1:2.2 விகிதம் நல்லது, உங்கள் கணக்கில் 315 கிராம். எல்லாவற்றையும் தராசில் நிறுங்கள். பால் தண்ணீரை விடச் சற்றுக் கனம் என்பதால் மில்லிலிட்டர் அளவில் சிறு பிசகு வரும்.

பாலைக் கட்டியாக உறைய வைத்து, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, லையை ஒவ்வொரு கரண்டியாகத் தூவிக் கிளறுங்கள். முன்பு போட்டது கரைந்த பிறகே அடுத்தது. வெண்மை மாறி வெளிர்மஞ்சள் வரை போகலாம். ஆரஞ்சுக்குத் திரும்பினால் சூடு ஏறுகிறது, கொஞ்சம் நிறுத்துங்கள். அம்மோனியா நெடி பாலின் புரதம் லையில் சிதைவதால் வருவது, சோப்பு காயும்போது போய்விடும். கரைசல் கூழ்போல் கெட்டியானால் பயப்பட வேண்டாம். பால் கொழுப்பு அங்கேயே சோப்பாகத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் கரண்டியில் மணல்போல் நெருடினால் அது கரையாத லை. வடிகட்டி எறிந்தால் லை அளவு குறைந்து சூப்பர்ஃபேட் ஏறும். அப்படியே ஊற்றினால் சோப்பில் வெள்ளைப் புள்ளியாக நின்று தோலைச் சுடும். நெருடல் தீரும்வரை கிளறுவதே வழி.

கேட்டவர்

நன்றி, இப்போது புரிகிறது. பசும்பாலுக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பால், தயிர், பால் பவுடர் என்று மாற்றினாலும் இதே அளவா?

பதில் 3

எடை அதேதான், உள்ளிருப்பது வேறு. பசும்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 4%. 126 கிராமுக்கு 5 கிராம், அது பிடிக்கும் லை ஒரு கிராமுக்கும் கீழே, விட்டுவிடலாம். கெட்டித் தேங்காய்ப்பாலில் 20% வரை கொழுப்பு இருக்கும். 126 கிராமில் 25 கிராம் தேங்காய் எண்ணெய் வந்துவிடுகிறது, அது 4.6 கிராம் லையைக் கேட்கும். கணக்கில் சேர்க்காவிட்டால் நீங்கள் வைத்த 5% சூப்பர்ஃபேட் 8-ஐ நெருங்கும். முழுவதும் தேங்காய்ப்பாலில் செய்தால் 11-ஐத் தாண்டி, சோப்பு மெழுகாகிச் சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். டப்பாவில் அச்சிட்ட கொழுப்புச் சதவீதத்தைப் பார்த்து எண்ணெய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

தயிரில் லாக்டிக் அமிலம் சுமார் 1%. ஒரு கிராம் அமிலம் 0.44 கிராம் லையைத் தின்னும். 126 கிராமுக்கு அரை கிராம்தான்.

பவுடர் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது, கருகும் கவலை மிகக் குறைவு. 126 கிராம் பாலுக்கு 16 கிராம் முழுக்கொழுப்புப் பவுடர், 110 கிராம் தண்ணீர். லை கரைக்கும் தண்ணீரோடு இந்த 110-ஐச் சேர்த்துவிட்டு, பவுடரை மட்டும் எண்ணெயில் கட்டியில்லாமல் அடித்துவிடலாம்.

பதில் 1

நடுவில் வந்த பழுப்பைப் பற்றி எழுத விட்டுப்போனது. மோல்டின் நடுப்பகுதி சூடேறி ஜெல் (கண்ணாடிபோல் தெரியும் கூழ்நிலை) ஆகியிருக்கிறது, ஓரம் ஆகவில்லை. பாலின் லாக்டோஸ் லையோடு சூட்டில் பழுத்துவிடும். தண்ணீர் கூடும்போது ஜெல் இன்னும் குறைந்த சூட்டிலேயே தொடங்கும் என்பதால் இரண்டும் சேர்ந்துகொண்டன. அடுத்த முறை எண்ணெயையும் லை கரைசலையும் 30 டிகிரிக்குப் பக்கத்தில் கலந்து, மோல்டை 24 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இப்போதுள்ளதை எறிய வேண்டாம். லை அளவு சரியாக இருக்கிறது, கூடியது தண்ணீர் மட்டுமே. மோல்டிலேயே இன்னும் ஒரு வாரம் விடுங்கள். மாவுபோல் ஒட்டாமல் வந்ததும் வெட்டி, காற்று படும்படி இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஒரு கட்டியை வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவையுங்கள். எடை குறைவது நிற்க 8 வாரம் ஆகலாம். கட்டி சுருங்கி ஓரம் வளையும், பழுப்பு வட்டமும் மறையாது, பயன்படுத்துவதற்குத் தடையில்லை.