சார்ட்டர் பள்ளிக்கு அனுமதி தருவதும் பறிப்பதும் உள்ளூர் வாரியத்தின் வேலையா?

கொன்றை:
நாங்கள் இருப்பது கலிபோர்னியா. இங்கே 'பள்ளி மாவட்டம்' என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு. போன வாரம் எங்கள் பள்ளி மாவட்ட வாரியத்தின் கூட்டத்தில் ஒரு புதிய சார்ட்டர் பள்ளியின் மனு விசாரணைக்கு வந்தது. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆதரவாளர்கள் எல்லாரும் மஞ்சள் சட்டை, எதிர்ப்பாளர்கள் எல்லாரும் சிவப்புச் சட்டை. பார்க்கத் தேர்த் திருவிழா மாதிரி இருந்தது, முடிவு மட்டும் வரவில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் ஒரு சார்ட்டர் பள்ளியில்தான் படிக்கிறாள். மாவட்டத்துக்கு வரும் பணம் மாணவர் வருகையைப் பொறுத்தது. ஒரு பிள்ளை சார்ட்டருக்குப் போனால் அந்தப் பணமும் கூடவே போகும். அப்படிப்பட்ட மாவட்டத்திடமே அனுமதி கேட்பது, தனிக்குடித்தனம் போகலாமா என்று மாமியாரிடம் மருமகள் மனுப் போடுவது போல இருக்கிறது.

அரை டிக்கெட்:
சென்னையிலிருந்து படிக்கிறேன். சார்ட்டர் என்றால் தனியார் பள்ளிதானே?

கொன்றை:
இல்லை. அரசுப் பணம், கட்டணம் கிடையாது, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். நடத்துவது மட்டும் மாவட்டம் அல்ல, தனி அமைப்பு. 1991இல் மின்னசோட்டா முதல் சட்டம் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டு கலிபோர்னியா. இங்கே மனுவோடு பெற்றோர் கையெழுத்து வேண்டும், முதல் ஆண்டு சேருவார்கள் என்று கணக்கிடும் மாணவர் எண்ணிக்கையில் பாதி அளவுக்கு. அல்லது அதே கணக்கில் ஆசிரியர் கையெழுத்து. 60 நாளில் பொது விசாரணை, 90 நாளில் முடிவு. மறுத்தால் கவுன்டி (மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பகுதி) வாரியத்துக்கு மேல்முறையீடு, அங்கேயும் மறுத்தால் மாநில வாரியம்.

சிவப்புச்சட்டை:
அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், பெயரைப் பார்த்தாலே தெரியும். மாவட்டப் பள்ளியில் 14 வருடமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன்.

மாமியார் உவமை சிரிப்பாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஊர் ஓட்டுப் போட்டு வந்தவர்கள். சார்ட்டரின் நிர்வாகக் குழுவை யார் தேர்ந்தெடுத்தார்கள்? ஊர்ப் பணத்துக்கு ஊரிடம் அனுமதி கேட்பதில் என்ன தவறு?

அப்புறம், 'பணமும் கூடவே போகும்' என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். பத்துப் பள்ளிகளிலிருந்து முப்பது பிள்ளைகள் போனால் ஒரு பள்ளிக்கு மூன்று பேர். அதற்காக ஒரு ஆசிரியரைக் குறைக்க முடியுமா? ஒழுகும் கூரையில் மூன்று பிள்ளை அளவுக்கு மட்டும் ஒழுகாமல் விட முடியுமா? செலவு அங்கேயே நிற்கும், வரவு மட்டும் போய்விடும். ஓக்லாந்து மாவட்டத்துக்குச் சார்ட்டர்களால் ஆண்டுக்கு 5.73 கோடி டாலர் இழப்பு என்று 2018இல் ஓர் அறிக்கை வந்தது.

கொன்றை:
அந்த அறிக்கையை வெளியிட்டது தனியார்மயத்தை எதிர்க்கும் அமைப்பு, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாவட்டம் தன் பிள்ளைகளைத் தக்கவைக்க முடியாததை 'இழப்பு' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் ஏன் போனார்கள் என்ற கேள்வி அதில் வராது.

2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உங்கள் கை இன்னும் ஓங்கிவிட்டது. முன்பெல்லாம் பாடத்திட்டம் சரியில்லை, நடத்தும் திறமை இல்லை என்பது போன்ற காரணம் காட்டித்தான் மறுக்க முடியும். இப்போது 'ஊர் முழுவதின் நலனுக்கு ஒத்துவராது', 'மாவட்ட நிதி தாங்காது' என்றும் மறுக்கலாம். மாநில வாரியமும் இப்போது மனுவைப் புதிதாக எடைபோடாது. கீழே அதிகார துஷ்பிரயோகம் நடந்ததா என்று மட்டும்தான் பார்க்கும்.

வரவுசெலவு:
தணிக்கைத் தொழிலில் இருக்கிறேன். இருவரும் அனுமதியைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். எனக்கு அதைவிட மேற்பார்வைதான் கவலை.

மேற்பார்வைக்காக மாவட்டம் சார்ட்டரின் வருவாயில் 1 சதவீதம் வரை வாங்கலாம். வாடகையில்லாமல் கட்டடம் கொடுத்தால் 3 வரை. பெரிய மாவட்டத்துக்கு இது பொரிகடலைக் காசு. சின்ன மாவட்டத்துக்கு? சான் டியேகோ கவுன்டியில் டெஹேசா என்று ஒரு குட்டி மாவட்டம். சொந்தப் பள்ளியில் 200 பிள்ளைகள்கூட இல்லை, ஆனால் ஆயிரக்கணக்கில் மாணவர் கணக்கு உள்ள ஆன்லைன் சார்ட்டர்களுக்கு அனுமதி கொடுத்தது. அவற்றில் சில ஏ3 என்ற கும்பலுடையவை. விளையாட்டுக் குழுக்களுக்குக் காசு கொடுத்துப் பிள்ளைகளின் விவரங்களை வாங்கி, கோடையில் மாணவர்களாகக் கணக்கில் சேர்த்து அரசுப் பணம் வாங்கினார்கள். 2019 மே மாதம் 11 பேர் மீது குற்றச்சாட்டு. 19 பள்ளிகள், மாநிலத்திலிருந்து வாங்கியது 40 கோடி டாலருக்கு மேல். நடத்திய இரண்டு தலைகளும் 2021இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். டெஹேசா மாவட்டத்தின் கண்காணிப்பாளரே, அதாவது அதன் தலைமை நிர்வாகியே, அந்த 11 பேரில் ஒருவர்.

ஆக, பெரிய மாவட்டத்துக்கு மறுத்தால் லாபம், சின்ன மாவட்டத்துக்குக் கொடுத்தால் லாபம். இரண்டு பேரிடமும் தராசைக் கொடுத்திருக்கிறோம்.

சிவப்புச்சட்டை:
இதைத்தான் நாங்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம்! 2020 ஜனவரியிலிருந்து வகுப்பறை இல்லாத புதிய சார்ட்டர்களுக்குத் தடை வந்ததே அந்தச் சத்தத்தால்தான்.

கொன்றை:
டெஹேசாவில் அனுமதி கொடுத்ததும் நீங்கள் சொல்லும் அதே 'ஊர் ஓட்டுப் போட்ட' வாரியம்தான். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சிவப்புச்சட்டை:
சரி, அது ஒரு அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் திருடியது வாரியம் இல்லை.

அரை டிக்கெட்:
தப்பு செய்தால் உடனே ரத்து செய்துவிட்டால் போச்சு. அதில் என்ன கஷ்டம்?

வரவுசெலவு:
'உடனே' என்பதுதான் கஷ்டம். அனுமதியில் எழுதியதை மீறுவது, மாணவர் தேர்ச்சி இலக்கைத் தவறவிடுவது, பண முறைகேடு, சட்ட மீறல், இவைதான் ரத்துக்குக் காரணங்கள். முதலில் மீறல் நோட்டீஸ், திருத்திக்கொள்ள அவகாசம், பிறகு ரத்து செய்யும் எண்ணம் பற்றிய நோட்டீஸ், 30 நாளுக்குள் பொது விசாரணை, அப்புறம்தான் முடிவு. அதன் மேலும் முறையீடு உண்டு. பிள்ளைகளின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து என்றால் மட்டும் இந்த அவகாசம் கிடையாது.

ஓக்லாந்தின் அமெரிக்கன் இந்தியன் மாடல் பள்ளிகளைப் பாருங்கள். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் மாநிலமே வியக்கும் மதிப்பெண். ஆனால் 2012இல் மாநிலத் தணிக்கைக் குழு பார்த்தபோது, பள்ளியின் இயக்குநராக இருந்தவருக்கும் அவர் மனைவிக்கும் அவர்களுடைய நிறுவனங்களுக்கும் சுமார் 38 லட்சம் டாலர் போயிருந்தது. பள்ளி வாடகை கட்டியது அவருடைய கட்டடத்துக்கே. 2013 மார்ச்சில் ஓக்லாந்து வாரியம் ரத்து செய்தது. பள்ளி நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தடையை ஏற்றது. மாணவர்களின் கல்வி முன்னேற்றத்தைத்தான் முதன்மையாக எடைபோட வேண்டும் என்று அப்போதைய சட்டம் சொன்னது, வாரியம் அதைச் சரியாகச் செய்யவில்லை என்பது காரணம். பள்ளி பிழைத்தது.

சிவப்புச்சட்டை:
மார்க் நன்றாக இருந்தால் கல்லாவில் கை வைக்கலாம் என்று ஆகிவிடுகிறதே.

கொன்றை:
கை வைத்தவரைப் பிடியுங்கள், பிள்ளைகளை ஏன் தெருவில் விடுகிறீர்கள்? மூடப்பட்ட ஒரு சார்ட்டரில் என் தோழியின் மகன் படித்தான். பத்தாம் வகுப்பு நடுவில் மூன்று பள்ளிகளின் வாசலில் நின்றாள். ரத்துக்குக் கை தூக்கியவர்களில் ஒருவரும் போன் எடுக்கவில்லை. அதனால்தான் அவகாசம் வேண்டும் என்கிறேன்.

சிவப்புச்சட்டை:
அந்தப் பையன் கடைசியில் எங்கே சேர்ந்தான்?

கொன்றை:
மாவட்டப் பள்ளியில்தான்.

சிவப்புச்சட்டை:
நடுப் பருவத்தில், குலுக்கல் இல்லாமல், கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டோம் இல்லையா? அந்த இடத்தை யாருக்காவது எப்போதும் காலியாக வைத்திருக்கிறோமே, அதற்கும் செலவு உண்டு. நான் சொன்ன ஒழுகும் கூரை அதுதான்.

கொன்றை:
இதை நான் இந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. ஆனாலும் அனுமதி உங்கள் கையில் மட்டும் இருப்பதை ஏற்க மாட்டேன். மேல்முறையீடு பல்லோடு இருக்க வேண்டும்.

வரவுசெலவு:
இருவரும் அடுத்த கூட்டத்துக்குப் போவீர்கள்தானே? இதைக் கேளுங்கள்: வாங்கும் 1 சதவீதத்தில் எத்தனை பேரை மேற்பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், அவர்கள் கடைசியாக எந்தப் பள்ளிக்குள் எப்போது கால் வைத்தார்கள்? நான் கேட்ட ஒரு மாவட்டத்தில் பாதி நேர ஊழியர் ஒருவர் என்றார்கள்.

சிவப்புச்சட்டை:
கேட்கிறேன். கொன்றை, செவ்வாய் ஏழு மணி. மஞ்சள் சட்டையை விட்டுவிட்டு வாருங்கள், பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறேன்.

கொன்றை:
நீங்களும் சிவப்பைக் கழற்றினால் வருகிறேன்.