ஈ.பி.-5 முதலீட்டு வழி கிரீன் கார்டு: மனத்தை விட்டு அகலாத ஒரு நிகழ்வு (அனுபவப் பகிர்வு)

கவுந்தப்பாடிக்காரன்

2019 நவம்பர் 21-க்குள் மனுவைச் சேர்த்துவிட வேண்டும் என்று ஓடிய அந்த மாதங்கள் இங்குள்ள பலருக்கும் நினைவிருக்கும். அமெரிக்காவில் வேலைகளை உருவாக்கும் திட்டத்தில் பணம் போட்டு நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெறும் இந்த வழியில், குறைந்தபட்ச முதலீடு ஐந்து லட்சம் டாலரிலிருந்து ஒன்பது லட்சமாக உயர்வதற்கு இரண்டு நாள் முன்பு என் மனு போய்ச் சேர்ந்தது. தொகையைப் பற்றி நான் எழுத வரவில்லை. என் அப்பாவின் நாள்வழிக் கணக்கைப் பற்றி எழுத வந்திருக்கிறேன்.

சாலையோரத்தில் எங்களுக்கு இருந்த நான்கு ஏக்கர் தென்னந்தோப்பை விற்றோம். வாங்க வந்தவர் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் பதிந்து மீதியை ரொக்கமாகத் தருவதாகச் சொன்னார். ரொக்கத்தை அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் காட்ட வழியில்லை என்பதால் முழு விலைக்கும் பதியச் சொன்னோம். அதற்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகப் பதினொரு விழுக்காடு ஆனது. கூடுதலாக ஆன அந்தச் செலவை அவர் விலையில் கழித்துக்கொண்டார். தோப்பு அப்பா, அம்மா இருவர் பெயரிலும் இருந்ததால், ஆளுக்கு இரண்டரை லட்சம் டாலர் என்ற ரிசர்வ் வங்கி வரம்புக்குள் ஒரே நிதியாண்டில் அனுப்பிவிட்டோம். அத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வழக்குரைஞர் மூலப்பத்திரத்தைப் பார்த்துவிட்டு, 1988-இல் இந்த நிலத்தை வாங்க உங்கள் தந்தைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அப்பா அப்போது வெல்ல மண்டி நடத்திவந்தார். வருமான வரிக் கணக்கு ஏதும் இல்லை. பரண் மேலிருந்து வேட்டித் துணியில் சுற்றிய மூன்று நாள்வழிகளையும் ஒரு பேரேட்டையும் அப்பாவே இறக்கி, தூசி தட்டி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே உ போட்டு, அதன் கீழ் ‘லாபம்’ என்று எழுதியிருந்தது. மண்டியில் மூட்டை எண்ணும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றுதான் தொடங்குவார்கள் என்பதால், மூட்டைக் கணக்கு இருந்த பக்கங்களிலும் முதல் வரியில் அதே சொல் இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே பெயர்த்துவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் ‘லாபம்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதே, அந்த லாபம் எந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டது என்று வழக்குரைஞர் காணொளி அழைப்பில் கேட்டார். நான் அந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னதும் அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “கண்ணு, எழுத்துல வராத காசு ஒன்னுகூட அந்த மண்டிக்குள்ள வந்ததில்லைன்னு அவருகிட்டச் சொல்லு” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து தோப்பு இருந்த திசைக்கு நடந்து போய்விட்டார். அவர் எழுந்த பிறகும் அந்த நாற்காலி திரையில் தெரிந்துகொண்டே இருந்தது. ‘லாபம்’ என்றால் ஒன்று என்று பொருள் என விளக்கி ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தோம், அது ஏற்கப்பட்டது.

காவிரிக்கரை

உங்கள் அப்பா எழுந்து போனதைப் படித்ததும் என் அம்மா நினைவுக்கு வந்தார். எங்களுடையது, 2022 சட்டத்துக்குப் பின் தொகை எட்டு லட்சம் டாலராக இருந்த காலத்து மனு. முதல் தவணையாக அம்மா கணக்கிலிருந்து இரண்டரை லட்சம் அந்த நிதியாண்டுக்குள் போக வேண்டும். அடுத்த இரண்டரை லட்சத்தை ஏப்ரலில் அனுப்பலாம் என்பது திட்டம். 2024 மார்ச் 28 வியாழக்கிழமை. மறுநாள் புனித வெள்ளி. சனிக்கிழமை வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வேலை நடக்காது என்று கும்பகோணத்தில் எங்கள் வங்கிக் கிளையில் சொல்லிவிட்டார்கள். அன்று மாலைக்குள், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் போகாவிட்டால் அந்த ஆண்டின் வரம்பு வீண்.

அம்மாவின் கையெழுத்து பொருந்தவில்லை. கணக்கு தொடங்கியபோது அப்பா உயிரோடு இருந்தார். அப்போது அவர் பெயரின் முதலெழுத்தோடு நிதானமாகப் போட்ட கையெழுத்து. இப்போது அம்மாவுக்குக் கை நடுங்கும். மூன்று படிவங்கள் வீணான பிறகு, அலுவலர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, “எழுதிப் பழகுங்கம்மா, நான் காத்திருக்கிறேன்” என்றார். என் தம்பி அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். இருபத்திரண்டு முறை தம் பெயரை எழுதியிருக்கிறார். முதல் பத்து வரிகளில் எழுத்து கீழ்நோக்கிச் சரிந்துகொண்டே போகிறது. பதினைந்தாவது வரிக்குப் பிறகு நிமிர்கிறது. நியூ ஜெர்சியில் அப்போது விடிந்துகூட இருக்கவில்லை. சமையலறையில் நின்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்கு முன் பணம் போய்விட்டது.

வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி (டி.சி.எஸ்.) என்று இருபது விழுக்காடு, ஏறத்தாழ நாற்பது லட்சம் ரூபாய், தனியாகக் கட்டினோம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் என்பது உண்மை. ஆனால் அது வரும்வரை வயதான பெண்மணியின் கணக்கில் மருத்துவச் செலவுக்குக்கூடப் பணம் இல்லாமல் இருந்ததை நான் மறக்கவில்லை.

வடக்குப் பனி

இருவர் மீதும் மதிப்பு வைத்தே மாறுபடுகிறேன். கவுந்தப்பாடிக்காரரே, உங்கள் வழக்குரைஞர் உங்கள் அப்பாவை அவமதிக்கவில்லை. அவர் கேட்காமல் விட்டிருந்தால் அதே கேள்வி கூடுதல் ஆதாரக் கோரிக்கையாகக் குடிவரவுத் துறையிடமிருந்து வந்திருக்கும். பணம் நேர்மையாக வந்தது என்று காட்டுவதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட, அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்ப்பதில் நாம் செலவிடுவதில்லை என்பதே என் வருத்தம்.

நான் 2016-இல் ஒரு விடுதிக் கட்டுமானத்தில் ஐந்து லட்சம் போட்டேன். 2018 பிப்ரவரியில் வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது, இடத்தைப் பார்க்கலாம் என்று போனேன். கம்பி வேலி, அதற்குள் முழங்கால் அளவுப் பனி, பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் வண்ணப் படம் போட்ட ஒரு பலகை. பனியில் காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. எதிரே இருந்த காப்பிக் கடைப் பெண்மணி, அந்தப் பலகை இரண்டு குளிர்காலங்களாக அங்கேயே நிற்பதாகச் சொன்னார். பணத்தில் பாதிக்கும் குறைவாகவே திரும்பி வந்தது; கிரீன் கார்டு வரவில்லை.

ஆகவே புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு முதலீட்டாளருக்குப் பத்து முழுநேர வேலைகள் உருவாக வேண்டும் என்பது சட்டம். எனவே திட்ட அறிக்கையில் மொத்த முதலீட்டாளர் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, அதற்கு மேல் எவ்வளவு வேலைகள் கணக்கிடப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். வேலைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் திட்டச் செலவை வைத்தே கணக்கிடப்படுவதால், உபரி இல்லாத திட்டத்தில் செலவு சற்றுக் குறைந்தாலும் கடைசியில் வருபவரின் நிபந்தனை நீக்க மனு (முதலில் கிடைக்கும் தற்காலிகக் கார்டை நிரந்தரமாக்கும் மனு) விழுந்துவிடும். உங்கள் பணம் கடனாகப் போகிறதா, பங்காகப் போகிறதா, கடன் என்றால் வங்கிக்கு அடுத்த நிலையிலா அதற்கும் கீழா என்று எழுத்தில் கேளுங்கள். கட்டுமானம் வங்கிக் கடனைப் பெற்றுத் தரைக்கு மேல் எழுந்திருக்கிறதா என்று யாரையாவது அனுப்பிப் பாருங்கள். சென்னையில் ஐந்து நட்சத்திர விடுதிக் கூட்டத்தில் காட்டும் காணொளியை நம்ப வேண்டாம். அசல் திரும்புவது உறுதி என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள், ஏனெனில் பணம் இழப்புக்கு உட்பட்டதாக இருந்தாக வேண்டும் என்பதே இந்த விசாவின் அடிப்படை நிபந்தனை. 2022 மார்ச் 15-இல் வந்த சீர்திருத்தச் சட்டத்தின்படி, உங்களைச் சேர்த்துவிடும் முகவர் பதிவு செய்திருக்க வேண்டும். அவருக்குக் கிடைக்கும் தரகையும் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கேட்டால் முகம் சுளிப்பார்கள், கேளுங்கள். வெர்மான்ட்டின் ஜே பீக் பனிச்சறுக்கு விடுதித் திட்டத்தில் 35 கோடி டாலருக்கும் மேல் திரட்டப்பட்டு, 2016-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் மோசடி வழக்குத் தொடுத்ததை, முதலீடு செய்வதற்கு முன் ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். குறைந்தது ஆறு மாதம் ஆராயாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

டாலஸ் அப்பா

வடக்குப் பனி அவர்களே, ஆறு மாதம் இருப்பவர்களுக்கு உங்கள் அறிவுரை பொருந்தும். எங்களுக்கு இருந்தது பதினோரு வாரம்.

வேலை வழியாகக் கிரீன் கார்டு தரும் ஈ.பி.-2 பிரிவில் என் முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் என் இடத்தைக் குறிக்கும் தேதி, 2014. இந்திய வரிசை எங்கே நிற்கிறது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மகள் திருச்சியில் பிறந்தவள், நான்கு வயதில் இங்கே வந்தாள். மகன் டெக்சஸில் பிறந்தவன். 2024 டிசம்பரில் மகளுக்கு இருபத்தொரு வயது. அதோடு என் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த அவளது அனுமதி முடிந்துவிடும். மனைவியும் நானும் ஈ.பி.-5 பற்றி இரவில் அவள் தூங்கிய பிறகுதான் பேசுவோம். தொகையைக் கேட்டு அவள் வேண்டாம் என்பாளோ என்ற பயம்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, வங்கி அறிக்கையை அச்செடுக்கப் போனபோது, அச்சுப்பொறித் தட்டில் வேறொரு தாள் இருந்தது. கனடாவின் ஒரு பல்கலைக்கழகம் இடமாற்றச் சேர்க்கைக்கு விண்ணப்பித்ததை ஏற்றுக்கொண்டு அவளுக்கு எழுதியிருந்த கடிதம். நாங்கள் அவளிடம் மறைத்ததைப்போல அவளும் எங்களிடம் மறைத்திருக்கிறாள். தாளை அதே தட்டில், அதே பக்கம் மேலே இருக்கும்படி வைத்துவிட்டு வந்தேன். அன்று மாலையே வழக்குரைஞரை அழைத்தேன்.

கிராமப்புறத் திட்டங்களுக்கென்று இருபது விழுக்காடு விசாக்கள் ஒதுக்கப்பட்டிருப்பதால், அந்தப் பிரிவில் இந்தியர்களுக்கு அப்போது வரிசை இல்லை. அமெரிக்காவுக்குள்ளேயே இருப்பவர்கள் முதலீட்டு மனுவோடு, இங்கிருந்தபடியே கிரீன் கார்டு பெறுவதற்கான நிலை மாற்ற மனுவையும் சேர்த்தே கொடுக்கலாம். மனு ஆய்வில் இருக்கும் காலத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து கழிப்பார்கள் என்பதுதான் எங்களுக்குப் பிடிகயிறு. வீட்டின் மீது கடன் வாங்கினோம், ஓய்வூதியச் சேமிப்பைத் தொட்டோம், அண்ணன் திருச்சி வீட்டில் என் பங்குக்குரிய தொகையைக் கொடுத்தார். அவள் பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் முன்பு எல்லாம் சேர்ந்து போயின. அவளது மனுவில் அவளே கையெழுத்திட வேண்டும். பேனாவை எடுத்தவள், “அப்பா, இந்தப் பணம் திரும்பி வராவிட்டால் தம்பியின் படிப்புக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்டாள். முதலில் போடு என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

உங்கள் பட்டியலில் இருக்கும் கேள்விகளில் பாதியை நான் கேட்கவில்லை என்பது உண்மை. நேரமிருந்தால் கேட்டிருப்பேன்.

கணக்குப் பிள்ளை

காவிரிக்கரை அவர்களுக்கு ஒன்று மட்டும். அந்த நாற்பது லட்சத்தைத் திரும்பப் பெறக் காத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதே ஆண்டில் அம்மா நிலமோ வீடோ விற்று மூலதன ஆதாய வரி கட்ட வேண்டியிருந்தால், முன்கூட்டிய வரியில் இதைக் கழித்துக்கொள்ளலாம். என்னிடம் வரும் குடும்பங்கள் பலவும் முன்கூட்டிய வரியை முழுதாகக் கட்டிவிட்டு, இதையும் கட்டிவிட்டு, பிறகு வருகிறார்கள். விற்பனைக்கு முன்பே தணிக்கையாளரிடம் போனால் பெற்றோர் கையில் பணம் மிஞ்சும்.

காவிரிக்கரை

நன்றி ஐயா. அம்மா எதையும் விற்கவில்லை. அது அப்பாவின் பணிக்கொடையும் நாற்பது ஆண்டு வைப்புத்தொகையும். பணம் அடுத்த ஆண்டு வந்துவிட்டது. அம்மா கையெழுத்துப் பழகிய அந்தத் தாளைத் தம்பியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

கவுந்தப்பாடிக்காரன்

வடக்குப் பனி சொன்னதை ஏற்கிறேன், கேள்வி தேவையானதே. 2021 ஜூன் 30-இல், பலரின் ஈ.பி.-5 முதலீட்டைத் திரட்டித் திட்டங்களில் போடும் ரீஜனல் சென்டர்களுக்கான சட்டம் காலாவதியாகி மறு ஆண்டு மார்ச் வரை எங்கள் கோப்பு அசையாமல் கிடந்தபோது, அந்த நாள்வழிகள் இல்லாவிட்டால் எங்கள் நிலை என்ன என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். மனு பிறகு ஏற்கப்பட்டது. ஆனால் ஒதுக்கீடு இல்லாத பொதுப் பிரிவில் இந்தியாவுக்கான தேதி (எந்தத் தேதிக்கு முன் மனுச் செய்தவர்களுக்கு விசா கிடைக்கும் என்ற கெடு) 2025-இல் பின்னுக்குப் போனதால் கார்டு அப்போது கைக்கு வரவில்லை. அப்பா தேதியைப் பற்றிக் கேட்பதில்லை. தொலைபேசியில் பேசும்போதெல்லாம், லாபம் என்றால் ஒன்று என்று அவர்களுக்கு இப்போது புரிந்துவிட்டதா என்றுதான் கேட்கிறார்.