வாய்க்கால் கரைச் சாலையில் ஒதுங்கும் இடத்தை எப்படிக் குறிப்பது?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர்ச் சாலை வாய்க்கால் கரையிலேயே போகிறது. ஒரு வண்டி அகலம்தான். தை அறுவடையில் எதிரே கதிர் அறுக்கும் மிஷின் வந்தால், ஒதுங்க இடமுள்ள மதகடி வரை வண்டியைப் பின்னாலேயே எடுக்க வேண்டும். போன வருஷம் ஓர் ஆம்புலன்ஸ் அப்படித் திணறியதைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒதுங்கும் இடங்களை எப்படிக் காட்டுவது?

பதில்: சாலைக் கோட்டின் மேலேயே ஒரு புள்ளி வைத்து, ‘ஹைவே=பாஸிங்_பிளேஸ்’ (highway=passing_place) என்ற குறிச்சொல்லைக் கொடுங்கள். தனிக் கோடு வேண்டாம். ஒரு வண்டி அகலம்தான் என்று காட்ட, சாலைக்கு ‘லேன்ஸ்=1’ (lanes=1).

கேட்டவர்: சரிங்க. களத்துமேட்டு வாசலிலும் ஒதுங்குவோம். அது?

இன்னொருவர்: அதை விட்டுவிடுங்கள். நெல் காயும் நாளில் வரைபடத்தை நம்பி வருபவர் மாட்டிக்கொள்வார்.

கேட்டவர்: அப்போ மதகடிகள் மூன்றுதான். சாயங்காலம் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டுச் சேர்க்கிறேன்.